நூறு நாள் மின்னஞ்சல் எங்கே போனது?

2023 மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்த அரச மின்னஞ்சல்கள் போனவை போனவைதான். இலங்கை அரச மேகக்கணினிக்குள் புகுந்த கப்ப மென்பொருள் ஏறத்தாழ 5,000 முகவரிகளைப் பாதித்தது. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அந்த மேகக்கணினியில் மின்னஞ்சலுக்கு ஓடியது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச். புதுப்பிக்கும் பேச்சு 2021இலேயே எழுந்தும் பணமும் தீர்மானமும் இழுபட்டன. இணைப்பிலிருந்த காப்புப்படியும் சேர்ந்தே கெட்டது. தனியே எடுத்து வைத்த படி இல்லை.

பாதுகாப்பு என்றாலே கடவுச்சொல் என்று நினைப்பவர்கள் பலர். துறையினர் கேட்பது மூன்று: உரியவர் மட்டும் பார்க்கிறாரா, உள்ளது திருத்தப்படாமல் இருக்கிறதா, வேண்டிய நேரத்தில் கைக்குக் கிடைக்கிறதா. அரச மின்னஞ்சல் சறுக்கியது மூன்றாவதில்.

மாத்தளைக்காரருக்கு அந்த மூன்றாவதை விளக்க, அவர் ஊர்ப் பௌத்த விகாரையான அலுவிகாரை போதும். வாய்வழியாக வந்த பௌத்த மறைநூலான திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அங்கேதான் ஏட்டில் ஏறியதாக மரபு சொல்கிறது. பஞ்சமும் போரும் சூழ்ந்த வேளை; மனனம் செய்த பிக்குகள் மாண்டால் நூலும் மாண்டுவிடும். 1848 கிளர்ச்சியைப் பிரித்தானியர் ஒடுக்கியபோது விகாரையின் ஏடுகள் அழிந்தன. திரிபிடகம் அழியவில்லை, படிகள் வேறு இடங்களில் இருந்தன.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் கணினிக்குள் காவல் பார்ப்பது பணிசெயல் முறைமை. லினக்ஸில் கோப்புகளின் விவரப் பட்டியலைக் கேட்டால், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் பத்துக் குறிகள் நிற்கும். முதலாவது கோப்பின் வகை. மீதி ஒன்பதும் உரிமையாளர், குழு, மற்றையோர் ஆகிய மூவரில் யார் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்பதைச் சொல்லும். ஒரே கணினியை மூன்று பேர் ஒரே பயனர் பெயரில் திறக்கும் அலுவலகத்தில் இந்த ஏற்பாட்டுக்கு வேலையே இல்லை. கோப்பை அழித்தவர் யார் என்று கேட்டால் முறைமை அந்த ஒரே பெயரைத்தான் காட்டும்.

இந்தக் காவலுக்குத் தரம் போட்டது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. 1983இல் வந்து 1985இல் திருத்தப்பட்ட அதன் கையேட்டை அட்டை நிறத்தால் 'ஆரஞ்சுப் புத்தகம்' என்பார்கள். அடியில் டி, உச்சியில் ஏ1. சி2 பெற, ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் அவர் செய்ததற்குப் பதிவும் வேண்டும். பி வகுப்பில் கோப்புக்கே இரகசிய முத்திரை. உரிமையாளர் நினைத்தாலும் மீற முடியாது. ஏ1க்கு வடிவமைப்பையே கணித முறையில் மெய்ப்பிக்க வேண்டும். விண்டோஸ் என்டி 3.5 1995இல் சி2 வாங்கியது, வலையமைப்பில் இணைக்காத நிலையில்! அந்தச் சான்றிதழை இன்றைய அலுவலகம் எந்தச் சுவரில் மாட்டுவது?

புத்தகத்தின் பெரிய குறை வேறு. இராணுவத்தின் கவலை இரகசியம் என்பதால் 'கிடைக்குமா' என்ற கேள்விக்கு அதில் இடமே அரிது. பின்னால் வந்த 'பொது அளவுகோல்' என்ற தரமுறையின் ஏழு படிகளும், சோதனை எவ்வளவு ஆழமாக நடந்தது என்பதைத்தான் சொல்கின்றன.

ஆகவே தரச்சான்றைக் கேட்பதற்கு முன், கடை, பாடசாலை, தோட்ட அலுவலகம் எதுவானாலும் ஆளுக்கொரு பயனர் கணக்குத் திறந்து கொடுங்கள். வாரம் ஒரு முறை படியெடுத்து, வன்தட்டைக் கழற்றி வேறு கட்டடத்தில் வையுங்கள்.