பழைய பிக்கப்பும் புதிய மெத்தையும்

எங்கள் பங்கிலுள்ள மகிந்திரா பிக்கப் வண்டிக்கு வயது முப்பதுக்கு மேலாகிறது. எனக்கு முன் இங்கிருந்த குருக்கள் நால்வரைச் சுமந்த வண்டி அது. கிளைக் கிராமங்களுக்குப் பூசைப் பெட்டியையும், அறுவடை நாளில் நெல் மூட்டைகளையும், சில இரவுகளில் பிரசவ வேதனைப்பட்ட தாய்மாரையும் ஏற்றிச் சென்றிருக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மனம் ஒப்பவில்லை. உபதேசியாரின் மகன் ஐ.டி.ஐ. படித்தவன், எனக்கோ குருமட நாளிலிருந்தே மிதிவண்டியைப் பிரித்துப் பூட்டும் பழக்கமுண்டு. நாமே பழுது பார்ப்போம் என்று துணிந்தோம்.

தவறு தொடக்கத்திலேயே நேர்ந்தது. ஆயரவர்கள் பங்கு விசாரணைக்கு வரவிருந்தார்கள். கந்தலான இருக்கையில் அவர்களை எவ்வாறு அமரச் செய்வது? ஆகையால் மற்றவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாமென்று இருக்கையில் கை வைத்தேன்.

அந்த வேலை இன்பமான வேலை என்பதை மறுப்பதற்கில்லை. பழைய ரெக்சினை வெட்டி எறிந்துவிடலாகாது. தையலைப் பிரித்து, துண்டுகளுக்கு வெண்கட்டியால் எண்ணிட்டு வைத்துக்கொண்டால் அவையே புதிய உறைக்கு அளவாகும். நைந்துபோன நாரை நீக்கிவிட்டு, ரப்பர்ப் பால் ஏற்றிய தென்னை நார்ப் பலகையை ஸ்பிரிங்கின் மேல் பரப்பினோம். ஸ்பிரிங்குக்கும் நாருக்குமிடையே தடித்த சாக்கு ஒன்று இல்லாவிடில், கம்பி சில மாதங்களில் நாரை அறுத்துவிடும். பங்கின் தையற் பள்ளிப் பெண்கள் உறையைத் தைத்துக் கொடுத்தார்கள். சட்டை தைக்கும் ஊசி நான்கு ஒடிந்தபின், 18-ஆம் எண் ஊசியும் நைலான் நூலும் வாங்கினோம். ஆயரவர்கள் அமர்ந்து பார்த்து, மெத்தை நன்றாயிருக்கிறது என்றார்கள். என் தலை சற்றுக் கனத்துப்போயிற்று.

அடுத்த மாதம் ஓரிரவு, நெஞ்சுவலி கண்ட முதியவர் ஒருவரை அந்த மெத்தையில் அமர்த்திக்கொண்டு மலைச்சரிவில் இறங்கினேன். இரண்டாம் திருப்பத்தில் பிரேக்கை மிதித்தேன். மிதி தரையைத் தொட்டது. வண்டியோ நிற்கவில்லை. மறுபடியும் மிதித்தேன்; அதே கதைதான். நல்லவேளையாகத் தாழ்ந்த கியரில் இருந்தோம். கைப்பிரேக்கை இழுத்ததும், ஓரத்து மண்மேட்டில் உரசிக்கொண்டு வண்டி நின்றது. இவ்வகை வண்டிகளில் கைப்பிரேக்குக்கும் கால்பிரேக்கின் எண்ணெய்க்கும் தொடர்பில்லை. அது கியருக்குப் பின்னாலுள்ள தனி டிரம்மைக் கம்பியால் இறுக்குவது. அதனாற்றான் பிழைத்தோம். பின்னால் வந்த பால் வண்டி முதியவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றது.

மறுநாள் சக்கரங்களைக் கழற்றினோம். பின் இடச்சக்கரத்தின் உட்புறமெல்லாம் எண்ணெய். எங்கள் வண்டி பழைய அமைப்புடையது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய் வழி. ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நான்கிலும் பிரேக் இல்லை. ஒழுகியதற்குக் காரணம் தேடுகையில் எனக்கு நினைவு வந்தது. சில வாரங்களுக்கு முன் பிரேக் ஆயில் குறைந்திருக்கக் கண்டு, கையிலிருந்த எஞ்சின் ஆயிலை ஊற்றி நிரப்பியவன் நானே. ஏன் குறைந்தது என்று கேட்கவுமில்லை. மண்ணெய் வகை எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர்கள் ஊதிப் பஞ்சாகிவிடும். ஒரு சொட்டு கலந்தாலும் எல்லா ரப்பரையும் மாற்றுவதே முறை. மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர், சக்கரச் சிலிண்டர்களின் ரப்பர், வளையும் குழாய்கள் அனைத்தையும் மாற்றினோம். இரும்புக் குழாய்களை ஸ்பிரிட்டால் கழுவினோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். டிரம்மிலுள்ள தூசியைக் காற்றால் ஊதவோ, உலர்ந்த துணியால் தட்டவோ கூடாது. அத்தூசி நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுகளுக்குப் பின் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

காற்று வெளியேற்றுவதற்கு இருவர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கினோம். அவன் மிதியை அழுத்திப் பிடித்திருக்க, நான் சக்கரத்தின் திருகைத் தளர்த்துவேன். அவன் காலை எடுக்குமுன் இறுக்கிவிடுவேன். கண்ணாடிக் குப்பியில் குமிழி நிற்கும்வரை இதுவே வேலை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதில் 205 பாகையேனும் இருக்க வேண்டும். ஈரமேறியபின் அது 140 வரை இறங்கலாம். மலைச்சரிவில் சூடேறினால் எண்ணெய் கொதித்து ஆவியாகும். மிதி மீண்டும் தரைக்குப் போகும். ஈராண்டுக்கொருமுறை மாற்றுவது நல்லது.

மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில் இருப்பதால், அதனை எட்டுவதற்குத் தரை விரிப்பை உரித்தோம். அடியில் தகரம் அப்பளமாகப் பொரிந்திருந்தது. முன்கண்ணாடி ரப்பர் வழியே ஒழுகிய மழைநீர் விரிப்பின் அடியிலிருந்த சணலில் ஊறித் தகரத்தைத் தின்றிருந்தது. இருக்கையைத் தொடுமுன் விரிப்பைத் தூக்கிப் பார்த்திருந்தால் இது அன்றே தெரிந்திருக்கும்! புதிய மெத்தையை மறுபடி கழற்ற வேண்டியதாயிற்று; டீசல் தொட்டியே ஓட்டுநரின் இருக்கையின் கீழ் இருக்கிறது, அதனை அகற்றாமல் வெல்டிங் நெருப்பை அருகில் கொண்டுவரலாகாது. பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டு, நல்ல தகரம் தென்படும்வரை வெட்டி, 18 கேஜ் தகடு வைத்துப் பற்றவைத்தோம். வெல்டிங்கை மட்டும் பட்டறைக்காரரிடம் விட்டோம். மேலும் கீழும் ரெட் ஆக்சைடு பூசி உலரவிட்டு, வர்ணம் அடித்தோம். கதவுகளின் அடியில் அடைபட்டிருந்த நீர்த்துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தோம். சணல் விரிப்பைத் திரும்பப் போடவில்லை. கையால் தூக்கிப் பார்க்கத்தக்க ரப்பர் விரிப்பு மட்டுமே கிடக்கிறது.

இப்போது பிரேக் உறுதியாயிருக்கிறது. முதியவரும் உடல் தேறி ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருகிறார். பூசை முடிந்து, வீட்டில் இறக்கிவிடுகிறேன், ஏறுங்கள் என்றால் மெத்தையை ஒருமுறை தடவிப் பார்க்கிறார். பிறகு, “நடந்தே போய்க்கிறேன் சாமி” என்று தடியை ஊன்றிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்.