தலையிடி என்றால் இடிதானா?

அம்மாவுக்கு நாலு மாதமாகத் தலையிடி. ஜிபியிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். லண்டனில் பிறந்த எங்களில் பலருக்கு எட்டு வயதிலிருந்தே இந்த மொழிபெயர்ப்பு வேலை பழக்கம்தானே.

"துடிக்கிற வலியா, அழுத்துகிற வலியா?" என்று டொக்டர் கேட்டார். நான் அம்மாவைக் கேட்கவேயில்லை. 'இடிக்குது' என்றுதானே சொல்கிறா, அப்ப துடிப்புத்தான் என்று நானே பதில் சொன்னேன். வெளிச்சம் கூசுமா என்றதற்கும் 'ஓம்' என்றேன். அம்மா எப்பவும் திரைச்சீலையை இழுத்து மூடுகிற ஆள். மைக்ரேனாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதித் தந்தார்.

மாத்திரைக்கு வலி குறையவில்லை. ஒரு பின்னேரம் என் மகள் தன் அரைகுறைத் தமிழில், "எங்க நோகுது அம்மம்மா?" என்று கேட்டாள். அம்மா இரண்டு கையாலும் நெற்றியைச் சுற்றிக் காட்டினா. "இடிக்கிறேல்லைப் பிள்ளை, இறுக்குது. துணியாலை வரிஞ்சு கட்டின மாதிரி. பின்னங்கழுத்தும் விறைச்சுப்போய்க் கிடக்கு."

டென்ஷன் தலையிடி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தலையின் இரண்டு பக்கமும் அழுத்தும், ஆனால் துடிக்காது. அரை மணித்தியாலமும் இருக்கலாம், ஏழு நாளும் இழுக்கலாம். வாந்தி வராது, நடந்தால் கூடாது. மைக்ரேன் என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம் விண் விண் என்று தெறிக்கும், பிரட்டும், மாடிப்படி ஏறினாலே கூடும். இந்த இரண்டையும் ஸ்கான் பிரித்துக் காட்டாது. நோயாளி சொல்கிற சொல்லை வைத்துத்தான் டொக்டர் முடிவெடுக்கிறார்.

பேரைக் கேட்டதும் அம்மாவுக்குக் கோபம். "எனக்கென்ன டென்ஷன்?" கவலை மட்டும் காரணமில்லை, நித்திரைக் குறைவு, பசி, கழுத்தைக் குனிந்தபடி மணிக்கணக்காக இருப்பது எல்லாம் சேரும்.

இரண்டாம் முறை அம்மா சொன்னதை மட்டும் சொன்னேன். டொக்டர் நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்தார். சப்பும்போது தாடை நோகுமா, பார்வை மங்குமா என்று கேட்டு, இரத்தமும் எடுப்பித்தார். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலையிடி வந்தால் நெற்றிப்பொட்டு நாடியில் அழற்சியா என்று பார்க்கவேண்டுமாம். விட்டால் கண்பார்வையே போகலாம். நல்லகாலம், அது இல்லை.

"எத்தனை பரசிற்றமோல் எடுக்கிறா?"

"எப்பவாவது," என்றா அம்மா. அலுமாரியில் இருந்த வெற்று அட்டைகளை நான் எண்ணியிருந்தேன். கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும்! மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கு மேல் எடுத்தால் அந்த மாத்திரையே தலையிடியைக் கொண்டுவரும். நிறுத்தச் சொன்னார். நிறுத்தியதும் முதலில் வலி கூடும் என்று எச்சரித்தார், கூடியது. அந்தப் பத்து நாளும் வீட்டில் ஒருவரும் அம்மாவோடு கதைக்கமுடியவில்லை.

திடீரென்று வெடித்ததுபோல் வந்த வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் சோர்வு, தலையில் அடிபட்டபின் வலி: இவற்றுக்குக் கலண்டரும் வேண்டாம், ஜிபி நேரமும் பார்க்கவேண்டாம், உடனே ஆஸ்பத்திரிதான்.

இப்போது குசினிக் கலண்டரில் தலையிடி வந்த நாளுக்கு மகள் கோடு போடுகிறாள். போன மாதம் ஐந்து கோடு. அதில் நாலு வெள்ளிக்கிழமை, அம்மாவின் விரத நாள். அதை டொக்டரிடம் சொல்லவேண்டாமாம்.