காற்று உள்ளே வந்தால் மட்டும் போதாது

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை வியாபாரிகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதியும் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. இதனால் மாத்தளை திருகோணமலை வீதியிலும் தம்புள்ளையிலும் சிறு கடைகளில்கூட இன்று பெற்றோல் ஜெனரேட்டர் இருக்கிறது. பெரும் பணம் கொடுத்து அதை வாங்குகிறோம். ஆனால் எங்கே வைப்பது என்று யோசிப்பதில்லை.

எரியும் பெற்றோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை. மீதியெல்லாம் சூடாக சைலன்சர் வழியாகவும் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகள் வழியாகவும் வெளியேற வேண்டும். வெளிநாடுகளில் ரிமோட்டில் பறக்கும் பெரிய மாதிரிப் போர் விமானங்களைச் செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அழகுக்காக என்ஜினை மூக்கு மூடிக்குள் மறைக்கும்போது, உள்ளே வரும் காற்று வேறு பக்கம் போகாமல் சிலிண்டரை உரசிச் செல்லத் தடுப்புத் தகடு வைப்பார்கள். சூடான காற்று விரிவடையும் என்பதால், வெளியேறும் வாயை நுழையும் வாயைவிடப் பெரிதாக வெட்டுவார்கள். சைலன்சரை விமானத்தின் வயிற்றுக்குள் வைத்தால் அதைச் சுற்றியும் காற்று ஓட வழி விடுவார்கள். இதில் தவறினால் என்ஜின் இறுகி நின்று, விமானம் கீழே விழும்.

எமது ஜெனரேட்டருக்கும் இதே கணக்குத்தான். கயிறு இழுக்கும் பக்கத்தில் உள்ள விசிறி காற்றை இழுத்து, தகர மூடி வழியாகச் சிலிண்டருக்கு அனுப்புகிறது. “சூடாகிறது, மூடியைக் கழற்றி விடுவோம்” என்று சிலர் செய்வதை நான் கண்டிருக்கிறேன். மூடி போனால் காற்று சிதறும், சூடு இன்னும் கூடும். மிளகு, மிளகாய் அரைக்கும் இடங்களில் தூள் அந்தத் தகடுகளுக்கிடையில் படிந்து அடைத்துவிடும். அதை அடிக்கடி துப்புரவு செய்யுங்கள். ஒயில் அளவையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். என்ஜினை ஆற்றுவதில் ஒயிலுக்கும் பங்குண்டு. சுவரோடு ஒட்டி வைத்தால் வெளியே வந்த சூடான காற்றையே அது மீண்டும் இழுக்கும்.

இதுவரை சொன்னது பண நஷ்டம். உயிர் நஷ்டம் புகையில் இருக்கிறது. அதிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி என்று தொடங்கி, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடைக்குள் ஓடவிடுவதும், பின்னறையில் வைத்து ஜன்னலைத் திறந்துவிடுவதும் பாதுகாப்பல்ல. கதவு, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில் வைக்க வேண்டும் என்பதே நிபுணர்களின் அறிவுரை. நீளமான ஒடுங்கிய குழாயைப் பொருத்திப் புகையை வெளியே விடலாம் என்று நினைக்காதீர்கள். புகை தடைப்பட்டு என்ஜின் மேலும் சூடாகும், மூட்டுகளில் கசிவும் வரும்.

சுவரோடு சுவர் ஒட்டிய எமது கடைகளில் 20 அடி எங்கே என்று கேட்பீர்கள். இடமில்லாதவர் விளக்குக்கும் கல்லாவுக்கும் பெற்றரியும் இன்வேர்ட்டரும் வைக்கலாம். பின்வளவு உள்ள அயல் கடைக்காரரோடு கூட்டாக ஒரு ஜெனரேட்டர் போடலாம். எமது புகை அடுத்த கடைக்குள் போவதும் எமது பொறுப்பே.

எம்மிடம் வேலை செய்யும் பிள்ளைகள் அவர்களின் பெற்றோர் எம்மிடம் தந்த அமானிதம். ஒரு நாள் வியாபாரம் போனால் இன்ஷா அல்லாஹ் மறுநாள் வரும். இந்த வாரமே உங்கள் ஜெனரேட்டர் நிற்கும் இடத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள்.