ஏழு குறிகளில் ஒரு கால்விரல்

தாராவித் தோல் பட்டறையில் வேலை பார்ப்பவரின் வலது கால் பெருவிரலில் இரும்பு அச்சு விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சயான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், 'வலது கால் பெருவிரல் நுனி எலும்பில் முறிவு, விலகல் இல்லை, தோல் கிழியவில்லை' என்று எழுதுகிறார். இதே வரியை, மருத்துவக் குறிப்புகளைக் குறிகளாக மாற்றும் ஒரு மெடிக்கல் கோடர் 'எஸ்92.424ஏ' என்று முடித்துவிடுவார்.

ஒவ்வொரு குறிக்கும் ஒரு வேலை உண்டு. எஸ்92 பாத எலும்பு முறிவு. அடுத்த 4 பெருவிரல், 2 நுனி எலும்பு. அதன்பின் வரும் 4, வலது காலில் விலகாத முறிவு. கடைசி 'ஏ', தோல் கிழியாத முறிவுக்குச் சிகிச்சை நடக்கிறது என்பது. தோல் கிழிந்திருந்தால் அது 'பி' ஆகும். முறிவு ஒழுங்காக ஆறிவரும்போது மறுபரிசோதனைக்கு வந்தால் 'டி' (D).

அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் பயன்படுத்தும் ஐசிடி-10 என்ற நோய்க்குறியீட்டு முறை இது. அங்கே நோய்க்கு ஒரு குறி, செய்த சிகிச்சைக்குத் தனிக் குறி. பெருவிரல் எலும்பை நேராக்காமல் கட்டுப்போட்டால் 28490, கையால் நேராக்கினால் 28495, கட்டணமும் மாறும். மற்ற நான்கு விரல்களையும் ஐசிடி ஒரே கூட்டமாகவே பார்க்கிறது. எந்த விரல் என்பதைப் பில்லில் சேர்க்கும் ஒட்டுக்குறிதான் சொல்லும்: வலது பெருவிரல் டி5 (T5), சுண்டுவிரல் டி9 (T9).

சென்னையின் கோடிங் நிறுவனங்களில் உயிரியல், நர்சிங், பார்மசி படித்த பலர் இந்த அமெரிக்கக் கோப்புகளோடுதான் நாளைக் கழிக்கிறார்கள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துத் தானே முடிவுசெய்யும் உரிமை கோடருக்கு இல்லை. டாக்டர் எழுதியதுதான் கணக்கு. விலகலா இல்லையா என்று டாக்டர் எழுதாமல் விட்டால், விதிப்படி விலகியதாகவே குறியிட வேண்டும். தோல் கிழிந்ததா என்று எழுதாவிட்டால் கிழியாததாகக் கொள்ள வேண்டும். ஒரு சொல் விடுபட்டால் முறிவின் தன்மையே ஏட்டில் மாறிவிடும்.

நம் ஊர் மெடிக்ளெய்மிலும் மருத்துவமனை நிரப்பும் படிவத்தில் ஐசிடி-10க்குக் கட்டம் உண்டு. ஆனால் விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி அன்றே வீட்டுக்கு அனுப்பினால், வழக்கமான பாலிசியில் பணம் வராது. புறநோயாளிச் செலவையும் ஏற்கும் பாலிசி வேண்டும். அப்படி இருந்தால் கேஸ் பேப்பரை வாங்கும்போதே பாருங்கள்: எந்தக் கால், எந்த விரல், எலும்பு விலகியதா, தோல் கிழிந்ததா. நான்கும் அதில் இருந்தால், குறியிடுபவர் இவற்றை ஊகிக்க வேண்டியிராது.