அன்னம் அமர்ந்த திருவிளக்கு

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில், ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ளது நாச்சியார்கோயில். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான திருநறையூர் இதுவே. வஞ்சுளவல்லித் தாயாரையும் சீனிவாசப் பெருமாளையும் சேவித்து, கல் கருடனை வணங்கித் திரும்பும் அன்பர்கள் கடைத்தெருவில் சற்றே நின்றுவிடுவர். இவ்வூருக்கே உரிய பித்தளைக் குத்துவிளக்குகள் அங்கே வரிசையாகப் பொலிகின்றன. புவிசார் குறியீடு பெற்ற பெருமையும் இவற்றுக்கு உண்டு.

கோயில் தூணின் சாயல்

குத்துவிளக்கை உற்று நோக்கினால் கோயில் தூணே நினைவுக்கு வரும். தாமரையென விரிந்த பாதம். வளையங்களும் குமிழ்களும் மாறி மாறி அமைந்த தண்டு. ஐந்து முகங்கள் கொண்ட அகல். உச்சியில் கலசம்போல் ஓர் அன்னம். சிற்பிகள் கல்லில் வடித்த பதுமமும் குடமும் அன்னமும் இவ்வாறு இல்லத்துப் பூஜை அறைக்கும் எழுந்தருளின. பாதம் நான்முகன், தண்டு திருமால், அகல் ருத்திரன், முகங்கள் மகேசுவரன், உச்சி சதாசிவன் என்பர் பெரியோர். நான்முகனின் வாகனமான அன்னம், பாலையும் நீரையும் பிரித்தறியும் விவேகத்தின் சின்னம்.

வண்டல் மண்ணில் பிறப்பது

விளக்கின் உறுப்புகள் தனித்தனியே வார்க்கப்படுகின்றன. காவிரிப் படுகையின் நுண்ணிய வண்டல் மண்ணில் அச்சுப் பதித்து, செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளையை உருக்கி ஊற்றுகின்றனர். ஆறியபின் அரத்தால் ராவி, கடைசல் பிடித்து, அன்னத்தின் சிறகுகளை உளியால் செதுக்குகின்றனர். இறுதியில் மறையிட்டுப் பொருத்துகின்றனர்.

எடைக்குப் போகும் செல்வம்

கனமாக இருக்கிறது, துலக்க முடியவில்லை என்று பழைய விளக்கை எடைக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்குவது இன்று பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. தராசில் நிற்பது பித்தளையின் எடை மட்டுமே. கைவினைஞரின் உளிக்கும், தலைமுறைகளாய் அந்திதோறும் அதனை ஏற்றிய கைகளுக்கும் அங்கே விலையில்லை.

உறுப்புகளைக் கழற்றிப் புளியிட்டு மென்மையாகத் துலக்கி, ஈரமின்றித் துடைத்து வைத்தாலே போதும். கம்பி நார் கொண்டு தேய்த்தால் சிறகின் நுண்கோடுகள் மறைந்துவிடும். மறை தளர்ந்திருந்தால் பட்டறையில் கொடுத்துச் சீர்செய்து கொள்ளலாம்.

பேத்தியின் திருமணச் சீரில் புதிய விளக்கின் அருகே கொள்ளுப்பாட்டி ஏற்றிய விளக்கும் இடம்பெறட்டும். அவள் தொழுத அதே அன்னம், அடுத்த தலைமுறையின் இல்லத்திலும் சுடரின் நடுவே வீற்றிருக்கும்.