டைனமோவில் சுழன்ற பாட்டு

1992ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. அச்சுவேலியில் எங்கள் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்போம். தேவாரமும் சினிமாப் பாட்டும் மட்டுமே அறிந்த பதினைந்து வயது எனக்கு.

ஒருநாள் அயல்வீட்டு மாமி பழைய கசெற் ஒன்று தந்தார். 1970களில் புகழ்பெற்ற நித்தி கனகரத்தினத்தின் பொப் பாடல்கள். போர்த்துக்கீசர் வழிவந்த பைலாத் தாளம். பேச்சோ எங்கள் ஊர்ப் பேச்சு! திகைப்பில் கை தளர்ந்தது. பாட்டு இழுபட்டு நின்றது.

அப்பாவை இழந்தபின் சிரிக்காத அம்மா, "சுத்து பிள்ளை, நிப்பாட்டாதை" என்று சிரித்தார்.

1995 இடப்பெயர்வில் சைக்கிளும் கசெற்றும் போயின. இன்று அம்மாவும் இல்லை. மனம் சோரும்போது அந்தத் தாளத்தை மெல்லத் தட்டுவேன்.

சகோதரிகளே, துயரத்தோடு சிரிப்பும் நமக்கு உரியதே.