மூன்று நாள் அம்மையும் கருவிலிருக்கும் சிசுவும்



நீங்கள் ஜெபத்தினாலும் காணிக்கைகளினாலும் தாங்கிவரும் தாய்-சேய் நல ஊழியத்தில் பெற்றோர் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "பிரசவம் சுகமாக நடந்தது, பிள்ளை மட்டும் கூப்பிட்டால் ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை?" இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் தடுப்பூசியால் தடுக்கக்கூடிய ஒன்று, ரூபெல்லா என்னும் வைரஸ் நோய்.

தாய்க்கு இந்நோயால் வரும் தொல்லை சொற்பமே. இலேசான காய்ச்சல், உடலில் சிவந்த தடிப்புகள், காதுக்குப் பின்னால் நெறிகட்டுதல். மூன்று நாளில் மறைந்துவிடும். பலருக்குத் தடிப்பே தோன்றாது. நம் கிராமங்களில் இதையும் 'அம்மை' என்று சொல்லி, வேப்பிலை வைத்து, தலைக்குத் தண்ணீர் விட்டு முடித்துவிடுகிறார்கள். மருத்துவரிடம் யாரும் சொல்வதில்லை.

அந்தத் தாய் கருவுற்றிருந்தால் நிலைமை வேறு. வைரஸ் நச்சுக்கொடியைக் கடந்து சிசுவின் இரத்தக் குழாய்களைத் தாக்குகிறது. உயிரணுக்கள் பெருகுவதைத் தடுக்கிறது. கண், காது, இருதயம், மூளை ஆகியவை உருவாகும் முதல் 12 வாரங்களில் நோய் கண்டால், பத்தில் எட்டு ஒன்பது சிசுக்கள்கூட பாதிக்கப்படலாம். 20 வாரங்களுக்குப் பிறகு ஊனம் ஏற்படுவது அரிது. தான் கர்ப்பமாயிருப்பதையே சரியாக அறியாத வாரங்களில்தான் ஆபத்து மிகுதி என்பது எவ்வளவு வேதனை!

இத்தொடர்பை உலகுக்கு முதலில் எடுத்துச் சொன்னவர் ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் கிரெக். பிறவிக் கண்புரையுள்ள 78 குழந்தைகளைப் பற்றி 1941-இல் எழுதினார். அவர்களுடைய தாய்மாரில் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்தது. பின்னர் 1964-65-இல் அமெரிக்காவில் பரவிய கொள்ளைநோயில் சுமார் 20,000 குழந்தைகள் இந்தப் பாதிப்போடு பிறந்தார்கள். அவர்களில் 11,000-க்கு மேற்பட்டோருக்குக் காது கேட்கவில்லை. சிலர் மூளை வளர்ச்சி குன்றியிருந்தார்கள். சிலரிடம் ஆட்டிசம் காணப்பட்டது. 1969-இல் அங்கே தடுப்பூசி வந்தது.

பங்காளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'மந்தபுத்தி' என்று ஒதுக்கப்படும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையான குறை காதில் இருக்கிறது. சத்தம் எட்டாத மூளை பேச்சைக் கற்றுக்கொள்வதில்லை. கண்புரையும் அப்படியே; முதல் மாதங்களில் ஒளி சேராவிட்டால், பிந்திச் செய்யும் அறுவை சிகிச்சையால் முழுப்பலன் கிடைக்காது. ஆகவே குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் செய்யக்கூடிய செவிப் பரிசோதனையை முதல் மாதத்திலேயே செய்து, குறையிருந்தால் ஆறு மாதத்துக்குள் காது கேட்கும் கருவி பொருத்துவது நல்லது. ரூபெல்லாவினால் வரும் செவிட்டுத்தன்மை தாமதித்தும் தோன்றும். ஒருமுறை சரியென்று வந்தாலும் மறுபடி சோதிக்க வேண்டும்.

நம் நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் ஆரம்பமானது. முதற்கட்டத்திலேயே தமிழ்நாடும் இடம்பெற்றது. 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஊசி போடப்பட்டது. இப்போது குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் இரண்டு தவணையாக இலவசமாய்ப் போடுகிறார்கள். தேவனுக்கு ஸ்தோத்திரம்! ஆனாலும், அன்று 15 வயதைக் கடந்திருந்த பெண்கள்தான் இன்று கலியாணமாகிப் பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள். எம்.எம்.ஆர். ஊசியைத் தனியாகப் போட்டுக்கொண்டவர்களும், சிறுவயதில் நோய் வந்து எதிர்ப்புச் சக்தி பெற்றவர்களும் தவிர மற்றவர்களுக்குப் பாதுகாப்பில்லை.

உங்கள் சபையில் ஓலை வாசிக்கப்படும் மணப்பெண்களிடம் மூத்த சகோதரிகள் இதை விசாரிக்கலாம். ஊசி போட்டபின் ஒரு மாதம் கர்ப்பந்தரிக்காமல் இருப்பது அவசியம். கர்ப்பிணிகளுக்கு இதைப் போடுவதில்லை. அறியாமல் போட்டுக்கொண்டிருந்தால், அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. பிள்ளை பெற்றுப் பால்கொடுக்கும் தாய் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். அடுத்த பிள்ளைக்கு அது காவலாயிருக்கும்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவ ஊழியக் குழுவினர்